திரை இங்கே, கணினி அங்கே

அலுவலகம் ஒன்றில் பணியாளர் ஒருவர் விசைப்பலகையில் 'அ' என்னும் எழுத்தைத் தட்டுகிறார். எதிரேயுள்ள திரையில் அவ்வெழுத்துத் தோன்றுகிறது. மேசைமீதுள்ள சிறு பெட்டியே அதனை உருவாக்கியது என்று காண்பவர் எண்ணுவர். ஆனால், அப்பெட்டியில் எழுத்தாக்க மென்பொருள் எதுவும் இல்லை. விசை தட்டப்பட்ட செய்தி தொலைவிலுள்ள சேவையகத்துக்குச் சென்றது. மென்பொருள் அங்கே இயங்கியது. மாறிய திரையின் தோற்றம் மட்டும் திரும்பி வந்தது. பொம்மலாட்டத்தில் பொம்மை ஆடுவது நம் கண்முன். ஆட்டுவிக்கும் விரல் இருப்பது திரைக்குப் பின். அதுபோன்றதே இவ்வேற்பாடும்.

முறை வைத்துப் பங்கிடல்

இச்சிந்தனை புதியதன்று. 1950களில் கணினி என்பது ஓர் அறையையே நிறைத்த பெரும்பொறி. நிரல் எழுதுவோர் அதனைத் துளையிட்ட அட்டைகளாக்கி, இயக்குநரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பர். ஒரு காற்புள்ளி பிழைத்தாலும் மீண்டும் அட்டை, மீண்டும் காத்திருப்பு. மனிதரின் நேரத்தைவிடப் பொறியின் நேரம் விலைமதிப்பு மிக்கதாகக் கருதப்பட்ட காலம் அது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பத்தோவும் அவர்தம் குழுவினரும் 1961இல் ஒரு மாற்றுவழியைச் செயல்படுத்திக் காட்டினர். ஒருவர் சிந்திக்கும் நொடியில் பொறி சும்மா இருக்கிறது. அந்நொடியை இன்னொருவருக்கு அளித்தால் என்ன என்பதே அவ்வழி. ஏரி ஒன்று, வயல்கள் பல என்னும்போது முறை வைத்து மடை திறப்பதை நாம் அறிவோம். இங்கே அம்முறை நொடியின் சிறு பகுதிக்குள் சுழன்று வருவதால், ஒவ்வொருவரும் பொறி முழுவதும் தமக்கே உரியது என்று உணர்ந்தனர். மின்சாரம், தொலைபேசி போலக் கணிப்புத்திறனும் ஒருநாள் பொதுச் சேவையாகக் கூடும் என்று ஜான் மெக்கார்த்தி அக்கழகத்தின் நூற்றாண்டு விழாவில் உரையாற்றியதும் அதே ஆண்டில்தான்.

பின்னர்த் தனிக்கணினி வந்தது. மேசைக்கொரு கணினி என்றாயிற்று. அது விடுதலைதான். ஆயினும், ஆயிரம் மேசைகளில் ஆயிரம் முறை மென்பொருளை நிறுவவும் புதுப்பிக்கவும் வேண்டிய சுமையும் உடன்வந்தது. எனவே, நிறுவனங்கள் மீண்டும் மையத்தை நோக்கித் திரும்பின. 1989இல் தொடங்கப்பட்ட சிட்ரிக்ஸ் நிறுவனம் 1995இல் 'வின்பிரேம்' என்னும் அமைப்பை வெளியிட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1998இல் விண்டோஸ் என்டி 4.0 இன் 'டெர்மினல் சர்வர்' பதிப்பை அளித்தது.

ஓர் எழுத்தின் பயணம்

இன்று பரவலாக உள்ள திரையொன்றில் 1920 × 1080 புள்ளிகள், அதாவது 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு 3 பைட்டு என்றால், ஒரு திரைக்கு ஏறத்தாழ 62 இலட்சம் பைட்டு ஆகும். நொடிக்கு 30 திரைகளை அப்படியே அனுப்பினால் 18 கோடி பைட்டுக்கு மேல் செல்லவேண்டும். எந்த எளிய இணைப்பும் அதனைத் தாங்காது. ஆகவே, சேவையகம் மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புகிறது. 'அ' தட்டப்பட்டபோது மாறியது ஒரு சிறு கட்டம்; அது மட்டுமே வந்தது. மாறாத படங்களும் எழுத்துருக்களும் பயனரின் பெட்டியிலேயே சேமிக்கப்பட்டிருந்து மீண்டும் மீண்டும் பயன்படுகின்றன.

சுருக்கத்தால் தீராத இடர் ஒன்றுண்டு. அது தொலைவு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். 2,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சேவையகத்துக்குச் சென்று திரும்ப, வேறு தடையேதும் இல்லாதபோதும், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஆகும். வழியிலுள்ள கருவிகள் இதனை மேலும் கூட்டும். எழுதுபவர் இதனைப் பொறுத்துக்கொள்வார்; படம் வரைபவருக்குக் கை முன்னும் கோடு பின்னுமாகத் தோன்றும். இதனை ஓரளவு மறைக்கவே, சுட்டியின் அம்புக்குறியை மட்டும் பயனரின் பெட்டியே வரைந்துகொள்ளும் உத்தி கையாளப்படுகிறது.

முழு முகப்புத்திரையும் வேண்டாதபோது ஒரேயொரு செயலியின் சாளரத்தை மட்டும் அனுப்புவதும் உண்டு. அது பயனரின் பிற சாளரங்களிடையே, அங்கேயே பிறந்ததுபோல் அமர்ந்துகொள்ளும்.

ஒரே கூடையில்

மடிக்கணினி களவுபோனாலும் கோப்புகள் களவுபோவதில்லை. அவை மையத்தில் உள்ளன. இணைப்பு அறுந்தாலும் பாதி எழுதிய தொடர் சேவையகத்தில் காத்திருக்கும். ஆனால், சேவையகம் நின்றால் ஒருவரல்லர், அனைவரும் கைகட்டி அமரவேண்டும். காலையில் பணியாளர் எல்லாரும் ஒரே வேளையில் நுழையும்போது சேவையகம் திணறுவது இத்துறையினர் நன்கறிந்த துன்பம்.

மேலும், தட்டும் ஒவ்வொரு விசையும் மையத்தைக் கடந்தே செல்கிறது. பயனரின் திரையை மேலாளர் தம் இருக்கையிலிருந்தே காணும் வசதி இவ்வமைப்புகளில் உண்டு. பழுதை நீக்க அது பேருதவி. அறிவிக்காமல் பயன்படுத்தினால் அதன் பெயர் உதவியன்று, வேவு.

ஒருமித்திருப்பதன் இடரைக் கோர்பத்தோவின் அமைப்பே முதலில் கண்டது. 1960களில் மேலாளர் இருவர் ஒரே நேரத்தில் கோப்புகளைத் திருத்தியபோது இரண்டு கோப்புகள் இடம் மாறின. விளைவாக, நுழைந்தோர்க்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்கு மாறாக, பயனர் அனைவரின் கடவுச்சொற்களும் திரண்டு வந்தன. பின்னாளில் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் அவரே இதனை ஒளிக்காமல் எடுத்துரைத்தார்.

2019 மே மாதம், தொலைநிலை முகப்புத்திரைச் சேவையில் 'புளூகீப்' எனப்பட்ட ஓட்டை வெளிப்பட்டது. கடவுச்சொல்லே இன்றி நுழைய அது வழிவிட்டது. ஆதரவு 2014இலேயே முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது என்றால் அதன் கடுமை விளங்கும். அதனால்தான் எச்சரிக்கையுள்ள நிறுவனங்கள் 3389 என்னும் அதன் வாயிலை இணையத்தின் தெருவில் திறந்துவைப்பதில்லை. வருவோர் முதலில் நுழைவாயில் சேவையகம் ஒன்றில் நிற்கவேண்டும். கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் எண்ணையும் காட்டியபின்னரே உட்கதவு திறக்கும்.