பழைய மூக்குக்கண்ணாடியும் பிறர் கண்ணும்

வீட்டில் பயனற்றுக் கிடக்கும் மூக்குக்கண்ணாடிகளைத் திரட்டி, கண் மருத்துவம் எட்டாத ஊர்களுக்கு அனுப்பும் பணி நெடுநாளாக நடந்து வருகிறது. 1925-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கூடிய அரிமா சங்க மாநாட்டில் ஹெலன் கெல்லர் அம்மையார் விடுத்த வேண்டுகோளுக்குப் பின், பார்வைப் பணி அச்சங்கங்களின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று. கண்ணாடி திரட்டுவதும் அதில் அடங்கும். பழைய சட்டையைக் கொடுப்பது போல் இதுவும் எளிதென்றே பலரும் எண்ணுவர். இயற்பியல் படிக்கும் நாம் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

அரை மீட்டர் குவியத் தூரமுள்ள வில்லையின் திறன் 2 டயாப்டர். கண்ணாடி வில்லைகள் கால் டயாப்டர் இடைவெளியில் செய்யப்படுகின்றன. −4 முதல் +4 வரை மட்டும் கொண்டாலும் 33 வகை. வலக்கண்ணுக்கு 33, இடக்கண்ணுக்கு 33. சேர்த்தால் 1089 இணைகள்! இதோடு முடியவில்லை. சிலருக்கு விழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாய் இராது. அவர்களுக்கு உருளை வில்லை வேண்டும். அதன் அச்சும் உரிய கோணத்தில் நிற்க வேண்டும். இரு கண்மணிகளுக்கு இடையிலுள்ள தூரமும் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே பெட்டி நிறையக் கண்ணாடி இருந்தும் எதிரே நிற்பவருக்கு ஒன்றும் பொருந்தாமற் போகலாம்.

வில்லையின் வகையைக் கருவியின்றியே அறியலாம். கண்ணாடியைக் கண்ணுக்கு முன் பிடித்து, அதன் வழியே தொலைவிலுள்ள கதவின் நிலையைப் பார்த்தபடி பக்கவாட்டில் அசைத்தால், குவிவில்லையில் நிலை எதிர்த்திசையில் நகரும். குழிவில்லையில் உடன் நகரும். வில்லையைச் சுழற்றும்போது நிலை சாய்வது போல் தோன்றினால் அது உருளைத் திறன் உள்ளது. திறனின் அளவைத் துல்லியமாக அறிய லென்சோமீட்டர் வேண்டும்.

2012-இல் வெளியான ஓர் ஆய்வில், நன்கொடையாக வந்த கண்ணாடிகளில் நூற்றுக்கு ஏழே பயன்படத்தக்கவையாக இருந்தன. துடைத்து, அளந்து, அனுப்பும் செலவோ புதிய ஆயத்தக் கண்ணாடியின் செலவை விஞ்சியது.

உண்மையில் பெரும் தேவை வெள்ளெழுத்துக்கே. நாற்பதைக் கடந்தோருக்கு வரும் இக்குறைக்குத் தக்க கண்ணாடியின்றி 82 கோடியே 60 லட்சம் பேர் இருப்பதாக உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. தூரப்பார்வை நன்றாயுள்ள பலருக்கு, இரு கண்ணுக்கும் ஒரே திறனுள்ள மலிவான ஆயத்தக் கண்ணாடியே போதும். "எழுத்தறியாதவருக்குக் கண்ணாடி எதற்கு?" என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். அரிசியில் கல் பொறுக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் எழுத்தறிவா வேண்டும்? அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் கிட்டப் பார்க்கும் கண்ணாடி பெற்றவர்களின் வேலைத்திறன், பெறாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்ததை 2018-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

அப்படியானால் பழைய கண்ணாடியைக் குப்பையில் எறிவதா? வேண்டியதில்லை. 1932-இல் நியூ ஜெர்சியில் தொடங்கிய 'நியூ ஐஸ் ஃபார் தி நீடி' என்னும் அமைப்பு, நன்கொடையாக வந்த சட்டங்களின் பொன்னையும் பிற உலோகத்தையும் விற்றுப் புதுக் கண்ணாடி வாங்கித் தந்தது. நம் பக்கத்திலோ, அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தும் முகாம்களில் சோதித்த இடத்திலேயே கண்ணாடி செய்து கொடுக்கும் முறை உண்டு. அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது நாம் பெட்டியோடு கண்ணாடி கேட்டுப் போவதைவிட, நாற்பது கடந்தவர்களை வீடுவீடாகக் கணக்கெடுத்து, இத்தகைய முகாமுக்கு அழைத்துச் செல்லலாம். வண்டிச் செலவுக்கு மட்டும் வழி தேட வேண்டும்.