புதுப்புளியும் பழம்புளியும்

சித்தூரிலிருந்து அம்மா கடைசியாகக் கொடுத்தனுப்பிய புளி கறுத்திருந்தது. கெட்டுவிட்டதென்று எண்ணிக் குப்பையில் போட்டேன். என் அறியாமை!

மாசி, பங்குனியில் உலுக்கும் புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும். உப்பிட்டுச் சாடியில் வைத்தால் நாளாக நாளாகக் கறுக்கும். அது முதுமை, பூஞ்சணம் பூத்தால்தான் கேடு. குளிர்பெட்டியில் வைத்தால் மெதுவாகவே கறுக்கும்.

புளிப்பைத் தருவது டார்டாரிக் அமிலம். திராட்சையிலும், குளிர்நாட்டு ஷார்டனே ஒயினிலும் இதே அமிலம் உண்டு.

பயிற்சி: இரு கிண்ணங்களில் புதியது 10 கிராம், பழையது 10 கிராம் இட்டு, தலா 100 மில்லி வெந்நீர் ஊற்றுங்கள். 15 நிமிடம் கழித்துக் கரையுங்கள். நிறம் பாருங்கள், முகருங்கள், நுனிநாக்கில் வையுங்கள். வேறுபாட்டைப் பிள்ளைகள் தமிழில் சொல்லட்டும்.

திருப்பதி அத்தை வீட்டுச் சாடிப் புளியைச் சுவைத்த என் மகள் சொன்னாள்: "பாட்டி ரசம்!"