நண்பருக்குக் கார் பார்த்துக் கொடுப்பதும் ஓர் அமானிதமே

கலஹாவில் கடை வைத்திருக்கும் எவரிடமும் மாதத்துக்கு ஒருவராவது வந்து, "நாநா, ஒரு கார் பார்த்திருக்கேன், நீங்களும் வந்து ஒருக்கா பாருங்களேன்" என்று கேட்பது வழக்கம். வியாபாரிக்குப் பொருளின் தரமும் தெரியும், மனிதரின் தரமும் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் கேட்கிறார்கள். நாமும் லேசாகத் தலையாட்டி விடுகிறோம். ஆனால் இன்றைய நிலையில் இது லேசான காரியமல்ல.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் நாட்டிலிருந்த பழைய கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்கு விற்றவர்களும் உண்டு. இறக்குமதி திறந்த பின்னரும், 2022இல் விழுந்த ரூபாயும் வரிகளும் சேர்ந்து புதுக் காரை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டன. ஆகவே ஒரு பழைய வேகன் ஆர், ஓல்டோ அல்லது விட்ஸ் வாங்குபவர், கட்டாரிலோ சவூதியிலோ பல வருடங்கள் உழைத்த சல்லியைத்தான் எடுத்து வைக்கிறார். நாம் "நல்ல வாகனம், எடுங்க" என்று சொல்லும் ஒரு வார்த்தையில் அது போய்விடும்.

ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் சுமந்தவர் என்பது நபியவர்கள் (ஸல்) கற்றுத் தந்தது. இதற்கு ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்களின் குதிரைச் சம்பவத்தைப் பார்க்கலாம். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபியவர்களிடம் பைஅத் செய்தவர் அவர். அவருடைய பணியாளர் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்து, பணம் கொடுப்பதற்காக உரிமையாளரையும் கூட்டி வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரழி), இது அந்த விலையை விடப் பெறுமதியானது என்று சொல்லி 400க்குத் தருகிறீர்களா, 500க்குத் தருகிறீர்களா என்று தாமே விலையை ஏற்றிக்கொண்டு போய், கடைசியில் 800 திர்ஹத்துக்கு வாங்கினார்.

இன்று இதைச் சந்தையில் சொன்னால் சிரிப்பார்கள். வாங்குபவரே விலையை ஏற்றுவதா என்று கேட்பார்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கணவர் மௌத்தாகி, கராஜில் நிற்கும் காரின் விலை தெரியாமல் ஒரு பெண் விற்கிறார். நாம் நண்பருடன் போய், இல்லாத குறையெல்லாம் சொல்லி அடிமாட்டு விலைக்குப் பேசி முடித்துவிட்டு, "நல்ல பேரம்" என்று தோளில் தட்டிக்கொள்கிறோம். அந்த இடத்தில் ஜரீர் (ரழி) அவர்களின் குதிரை நமக்கு ஞாபகம் வர வேண்டும். நண்பருக்கு உதவி என்பது விற்பவருக்கு அநியாயமாக முடியக் கூடாது.

இதன் மறுபக்கம் இரகசியக் கமிஷன். தரகுக் கூலி ஹலாலானதே. தாபிஈன்களில் இப்னு ஸீரீன், அதாஃ போன்ற பெரியவர்கள் அதில் குற்றம் காணவில்லை. ஆனால் வாங்குபவரின் ஆளாகப் போய் நின்றுகொண்டு, விற்பவரிடம் பின்கதவால் ஐம்பதாயிரம் வாங்குவது தரகு அல்ல, மோசடி. வாங்குவதாக இருந்தால் நண்பரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறதென்றால் அந்தச் சல்லி நமக்கு வேண்டாம். அதேபோல, வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவரைக் கொண்டு வந்து கூடுதல் விலை கேட்க வைப்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்ட நஜ்ஷ். தொலைபேசியில் "இன்னொரு பார்ட்டி வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று பொய் சொல்வதும் அந்த இனம்தான்.

இனி வாகனத்துக்கு வருவோம். காலையில் போங்கள், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பொனட்டில் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கப்படுகிறது. நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. விடாமல் வெள்ளைப் புகை வந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். மீற்றரை நம்பவே வேண்டாம், அதைக் குறைத்துத் தருவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கின் தோல், சாரதி ஆசனத்தின் ஓரம் ஆகியவை எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஹைபிரிட் வாகனமானால் பெட்டரியை ஸ்கேன் பண்ணாமல் பேச்சுக்கே போகக் கூடாது. அதை மாற்ற வந்தால் செலவு இலட்சக் கணக்கில்.

இப்போது கூடுதலாக ஒரு கவனம் தேவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கம்பளையிலும் களனி கங்கையின் தாழ்ந்த பகுதிகளிலும் வெள்ளம் ஏறியது. தண்ணீரில் நின்ற வாகனத்தைக் கழுவி, பொலிஷ் போட்டு வேறு ஊரில் விற்பது சுலபம். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள், அடியில் சேற்றுக் கோடு தெரியும். மேலதிக டயரின் குழியையும், கார்ப்பெட்டின் அடியையும், ஆசன ஆணிகளின் துருவையும் பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு எங்கள் ஊர்ப் பாதையை விட நல்ல இடம் கிடையாது. பேராதனையிலிருந்து பல்கலைக்கழகத்தின் ஊடாக ஹிந்தகல வழியாகக் கலஹாவுக்கு ஏ.சி.யைப் போட்டு, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏறி வாருங்கள். கிளச்சின் நிலைமையும் ரேடியேட்டரின் நிலைமையும் மேலே வரும்போது தெரியும், பிரேக்கின் நிலைமை இறங்கும்போது தெரியும். தட்டையான கொழும்பு ரோட்டில் இரண்டு கிலோமீற்றர் ஓடிவிட்டு முடிவெடுப்பவர்களை என்ன சொல்வது?

ஓட்டிப் பார்க்கையில் சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பு? உமர் (ரழி) அவர்கள் ஒரு குதிரைக்கு விலை பேசி, சோதிப்பதற்காக ஓட்டியபோது அது காயப்பட்டது. திருப்பிக் கொடுக்கப் போனார், உரியவர் மறுத்தார். நடுவராக வந்த ஷுரைஹ், வாங்கியதை வைத்துக்கொள்ளுங்கள் அல்லது எடுத்த நிலையிலேயே திருப்பிக் கொடுங்கள் என்று கலீஃபாவுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னார். அந்த நீதியைப் பார்த்து உமர் (ரழி) அவரைக் கூஃபாவின் காழியாக்கினார். ஆகவே சாவியை வாங்குமுன் காப்புறுதி நடப்பில் உள்ளதா, அது எந்த வகை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

குறையை மறைத்து விற்றால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஆனால் நமது ஷாபிஈ மத்ஹபில் குறை தெரிந்தவுடனேயே அதற்கு முற்பட வேண்டும். தெரிந்த பின்னும் ஒரு மாதம் ஓட்டிவிட்டு வந்து சண்டை பிடித்தால் அந்த உரிமை போய்விடும். இதைவிடச் சிறந்தது, பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் அவகாசத்தை முன்கூட்டியே எழுதிக்கொள்வது. மத்ஹபில் அதற்கு மூன்று நாள் வரை இடமுண்டு. அட்வான்ஸ் விடயத்திலும் இப்படித்தான். வியாபாரம் முறிந்தால் விற்பவர் அதை வைத்துக்கொள்வதை இமாம் அஹ்மத் அனுமதித்தார்கள், இமாம் ஷாபிஈ அனுமதிக்கவில்லை. பேசும்போதே தெளிவாக எழுதிவிட்டால் பள்ளிவாசல் நிருவாகத்திடம் வழக்குக் கொண்டு போக வேண்டியதில்லை.

கடைசியாகப் பத்திரங்கள். பதிவுச் சான்றிதழிலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வாகனத்தில் அடித்திருப்பதுடன் ஒத்துப் போக வேண்டும். அப்சலூட் ஓனர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்து பெயர் நீக்கப்படும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்துடன் "ஓப்பன் பேப்பரில்" வாங்கி ஓடுவது நம்மவர்களிடம் அதிகம். பெயரிலுள்ளவர் மௌத்தானால் வாரிசுகளின் பின்னால் அலைய வேண்டி வரும். நடுவில் அந்த வாகனம் ஒரு குற்றத்தில் மாட்டினால், பொலிஸ் முதலில் தட்டுவது விற்றவரின் கதவை. ஆகவே விற்றவர் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவும், வாங்கியவர் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவும் வேண்டும். நண்பருடன் கார் பார்க்கப் போனவர், அந்த விண்ணப்பம் கொடுக்கப்படும் நாளிலும் கூடவே போய் வருவது நல்லது.