ஆக்சிஸ் நின்றுவிட்டால் முதலில் எங்கே கை வைப்பது?

சி.என்.சி. மில்லிங் மெஷினின் ஆக்சிஸ் டிரைவைப் படம் வரைந்து விளக்கச் சொன்னால் நாம் எல்லோரும் எழுதிவிடுவோம். கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, திரையில் 'சர்வோ அலாரம்' வரும்போதுதான் திகைப்பு. உடனே "டிரைவ் போச்சு சார்" என்று சொல்லிவிடுகிறோம். புது டிரைவ் வந்து மாட்டிய பிறகும் அதே அலாரம் வந்தால் முதலாளிக்குப் பணம் நஷ்டம், நமக்குப் பேர் நஷ்டம்.

அலாரம் எண்ணை முதலில் படியுங்கள். ஃபானக் ஜீரோ வகை கன்ட்ரோலில் 410 என்றால் முதல் ஆக்சிஸ் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. 411 என்றால் ஓடும்போது அளவுக்கு மீறிப் பின்தங்கிவிட்டது. டேபிள் எப்போதுமே கட்டளைக்குக் கொஞ்சம் பின்னால்தான் ஓடும். ஃபீடு நிமிடத்துக்கு 1800 மி.மீ. என்றால் நொடிக்கு 30 மி.மீ.; பொசிஷன் கெயின் நொடிக்கு 30 என்றால், வகுத்தால் 1 மி.மீ. இந்தப் பின்தங்கலை டயக்னாஸ்டிக் பக்கத்தில் பார்க்கலாம். கணக்கைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், ஒன்று டேபிள் இறுக்கம், இல்லையேல் மோட்டாருக்குச் சரியாகக் கரண்ட் போகவில்லை.

எது என்று அறிய, மெயினை அணைத்து, பால் ஸ்க்ரூவைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் கவருக்குள் சிம்பு அடைத்திருக்கும். முழுக்க இறுக்கமாக இருந்தால் எண்ணெய் வருகிறதா, கிப் அதிகம் முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லேசாகச் சுற்றினால் கோளாறு மின்சாரப் பக்கம். டேபிள் குறிப்பிட்ட ஓரிடத்துக்கு வரும்போது மட்டும் அலாரம் அடித்தால், மடங்கி மடங்கி ஓடும் கேபிளுக்குள் ஒரு ஒயர் அறுந்திருக்கலாம்.

எக்ஸ், ஒய் டிரைவுகள் ஒரே மாடலாக இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அலாரமும் கூடவே ஒய்க்குப் போனால் டிரைவ்தான் குற்றவாளி. மெயினை அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் சார்ஜ் இருக்கும். சார்ஜ் விளக்கு அணையும்வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே தொடுங்கள்.

இஸட் ஆக்சிஸில் இந்த விளையாட்டு வேண்டாம். பல மெஷின்களில் பிரேக் மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது. ஹெட்டுக்குக் கீழே முட்டுக்கட்டை கொடுக்காமல் மோட்டாரைக் கழற்றினால் ஹெட் சரிந்து விழும். அடியில் கை இருந்தால் கை போச்சு!

அலாரமே வராமல் ஜாப் அளவு தப்புவதுதான் பெரிய தலைவலி. என்கோடர் மோட்டாரின் முனையில் இருப்பதால், கப்ளிங் நழுவினாலும் கன்ட்ரோலுக்குத் தெரியாது. டயல் இண்டிகேட்டர் வைத்து டேபிளைப் பலமுறை போய்வரச் செய்யுங்கள். திசை மாறும்போது ஒவ்வொரு முறையும் அதே 0.03 மி.மீ. குறைந்தால் அது பேக்லாஷ். பிழை ஏறிக்கொண்டே போனால் கப்ளிங்கைச் சந்தேகிக்கலாம். கப்ளிங்குக்கும் ஷாப்டுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டு, அரை ஷிப்ட் ஓட்டிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் டிரைவைத் தொடவே வேண்டாம், ஆலன் கீ போதும்.