வெள்ளம் சூழ்ந்தால் குடிநீருக்கு என்ன செய்வது?

காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்படிப்பட்ட மழையில் மின்சாரம் போய் ஆர்.ஓ. இயந்திரம் நின்றுவிடும், தரைக்குக் கீழே இருக்கும் சம்ப்பில் சாக்கடை கலக்கும், கேன் தண்ணீர் வண்டி தெருவுக்குள் வராது. அந்த இரண்டு மூன்று நாளைக்கான குடிநீரை வீட்டிலேயே தயார் செய்தாக வேண்டும். தெளிய வைப்பது, கிருமியைக் கொல்வது, கொன்றபின் மறுபடி அண்டாமல் காப்பது என்று அதில் மூன்று வேலைகள் உண்டு. முதல் வேலை முடிந்ததுமே தண்ணீர் சுத்தமாகிவிட்டதாகக் கண்ணுக்குத் தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எந்தத் தண்ணீரை எடுப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மழை இன்னும் பெய்துகொண்டிருந்தால், மொட்டை மாடியில் சுத்தமான அண்டாவை வைத்து நேராக விழும் நீரைப் பிடிப்பதே மேல். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து வாடை வீசும் நீரையும், கடல்நீர் புகுந்த கிணற்று நீரையும் தொடவே வேண்டாம். கொதிக்க வைத்தால் உப்பு போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் கூடும். கிருமிதான் குற்றவாளி என்னும் இடத்தில் மட்டுமே இனி சொல்லும் வழிகள் உதவும்.

கலங்கல் நீரைச் சில மணி நேரம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, பழைய நூல் புடவையை நான்கைந்து மடிப்பாக மடித்து வடிகட்டுங்கள். துவைத்துத் துவைத்து நைந்த புடவைதான் நல்லது, இழைகள் பிரிந்து கண்கள் நெருங்கியிருக்கும். வங்கதேசத்தின் மத்லாப் பகுதிக் கிராமங்களில் ஆய்வாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் இதைச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். புடவையில் வடிகட்டியதாலேயே காலரா 48 சதவீதம் குறைந்திருந்தது. காலராக் கிருமி ஒட்டிக்கொண்டு வாழும் நுண்ணிய நீர்வாழ் உயிரிகள் துணியில் தங்கிவிடுவதே காரணம். ஏறக்குறைய பாதி நோய் குறைந்தது பெரிய விஷயம்தான். ஆனால் மீதிப் பாதி அப்படியே இருந்தது என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. தேத்தாங்கொட்டை, படிகாரம் ஆகியவையும் இந்த அளவில்தான் உதவும். அவை சேற்றை அடியில் படிய வைக்கும். நீரில் எஞ்சிய கிருமியைக் கொல்ல அவற்றை நம்ப முடியாது.

கொல்வதற்கு நெருப்பை மிஞ்சியது இல்லை. குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமியும் கொதிநீரில் சாகும். வெள்ள நேரத்தில் இருக்கிற ஒரு சிலிண்டரை இதற்குச் செலவழிக்க முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பத்து, இருபது நிமிடம் கொதிக்க வேண்டும் என்ற நம்பிக்கையால் வந்த தயக்கம் அது. நோய்க்கிருமிகள் 70 டிகிரியை ஒட்டியே சாகத் தொடங்கிவிடுகின்றன. நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் போதும், அடுப்பை அணைத்துவிடலாம். ஊட்டி, கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர்களில் மூன்று நிமிடம்.

எரிபொருளே இல்லையென்றால் குளோரின் மாத்திரை. அட்டையில் எத்தனை லிட்டருக்கு என்று போட்டிருக்கிறதோ அந்த அளவில் போட்டு 30 நிமிடம் காத்திருங்கள். மாத்திரை கிடைக்காவிட்டால், வேறெதுவும் கலக்காத புதிய ப்ளீச்சிங் பவுடர் 100 கிராமை 3 லிட்டர் நீரில் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துத் தெளிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிவிலிருந்து லிட்டருக்கு 4 சொட்டு, கலங்கல் நீங்காத நீருக்கு 8 சொட்டு. அரை மணி கழித்து லேசான குளோரின் வாடை வர வேண்டும். வராவிட்டால் அதே அளவை இன்னொரு முறை விட்டுக் காத்திருங்கள். அந்த வாடை பிடிக்காமல் குழந்தைகள் முகம் சுளிப்பார்கள். சிறிது நேரம் திறந்து வைத்தாலோ, பாத்திரம் மாற்றி ஆற்றினாலோ குறையும். நீரில் மருந்து இன்னும் மிச்சமிருக்கிறது என்பதற்கு அந்த வாடைதான் அடையாளம்.

வெயில் இருந்தால் நிறமற்ற பெட் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி ஆறு மணி நேரம் படுக்கவைப்பதும் ஒரு வழி. வானம் பாதிக்கு மேல் மூடியிருந்தால் இரண்டு நாள் ஆகும் என்பதால், ஐப்பசி கார்த்திகையில் இதை நம்பி உட்கார முடியாது.

அந்தக் காலத்தில் ஊருணித் தண்ணீரை அப்படியே குடித்துவிட்டு நன்றாகத்தானே இருந்தார்கள் என்று சொல்வார்கள். குடிநீர் ஊருணியில் துணி துவைக்கவும் மாடு இறங்கவும் விடாமல் ஊரே காவல் காத்தது. வெள்ளநீருக்கு அப்படி எந்தக் காவலும் கிடையாது. அந்தக் காவல் இருந்த காலத்திலும் காலரா ஊர்களைக் காலி செய்திருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

காப்பதுதான் கடைசி வேலை. கொதித்து ஆறிய நீருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் சக்தி இல்லை. கை பட்ட சொம்பை ஒருமுறை உள்ளே விட்டு மொண்டால், எரித்த கேஸ் அத்தனையும் வீண். குறுகிய வாயுள்ள குடமோ குழாய் வைத்த பாத்திரமோ வைத்து, மூடி, சாய்த்து ஊற்றிக் குடியுங்கள். பச்சிளம் குழந்தைக்குப் பால் கலக்கவும், வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைக்கவும் இதே நீர்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஓர் அட்டை குளோரின் மாத்திரையைக் காலாவதித் தேதி பார்த்து வாங்கி, வெள்ளம் எட்டாத பரணில் வையுங்கள்.