லயத்துக் கொல்லையும் அடுக்குமாடி வீடும்

நெகிரி செம்பிலானின் லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், லயத்து வீடுகளின் பின்புறம் சிறு காய்கறிக் கொல்லை இருப்பது வழக்கம். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, வேலியோரம் பசலைக் கொடி, மூலையில் மரவள்ளி. விடியற்காலையில் பால்மரம் வெட்டச் சென்றவர்கள் மாலையில் கொல்லையில் மண்வெட்டியுடன் நிற்பார்கள். அரிசிக்கும் கருவாட்டுக்கும் தோட்டக் கடையில் கடன் ஏறும். கீரைக்குக் கடன் வைத்தவர்கள் குறைவு.

இந்தக் கொல்லைக்குச் சட்டமும் துணைநின்றது. நெகிரி செம்பிலானை உள்ளடக்கிய ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றது. அஃது ஏறத்தாழ மூன்று பூப்பந்துத் திடல்களின் பரப்பு. சட்டத்தில் இருந்த நிலம் எல்லாத் தோட்டங்களிலும் தொழிலாளர் கைக்கு வந்துவிடவில்லை என்பது வேறு கதை. ஆயினும், ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காதபோது பல குடும்பங்கள் மரவள்ளிக் கிழங்கைக் கொண்டே உயிர் பிழைத்தன.

பின்னர் ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது. நீலாய், சிரம்பான் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்ட மக்கள் பலர் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். நான்காம் மாடியில் கொல்லை ஏது? கீழ்த்தளக் கடையில் மீ, பிஸ்கட், இனிப்புப் பானம் எந்நேரமும் கிடைக்கும்; பச்சைக் காய்கறிக்கோ வாரம் ஒருமுறை வரும் இரவுச் சந்தையை எதிர்பார்க்க வேண்டும். வாகனமில்லாத முதியோருக்கு இது பெருஞ்சிரமம்.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களுள் நூற்றுக்கு 95 பேர் போதிய காய்கறி, பழங்கள் உண்பதில்லை. நாட்டளவில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களுள் 31 பேருக்கு. 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று, தட்டில் பாதியைக் காய்கறிக்கும் பழத்திற்கும் விடச் சொல்கிறது சுகாதார அமைச்சு. அந்தப் பாதியை நிரப்பக் காய்கறி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமே!

இதற்காகவே விவசாயத் துறை நகர்ப்புறங்களில் சமூகத் தோட்டங்களை ஊக்குவிக்கிறது. அடுக்குமாடியின் காலிமனையில் பாத்தி போட, நிர்வாகக் குழுவின் அனுமதி முதலில் தேவை. தண்ணீர்க் கட்டணத்தை யார் செலுத்துவது என்பதையும் தொடக்கத்திலேயே பேசி முடிக்க வேண்டும். விதையைவிடப் பெரிய சிக்கல் அதுதான். கங்கோங்கும் முளைக்கீரையும் மூன்று நான்கு வாரங்களில் அறுவடைக்கு வந்துவிடும். கறிவேப்பிலைக்குப் பெரிய தொட்டி போதும். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிட்டால் ஏடிஸ் கொசு பெருகும் என்பதால், வாரம் ஒருமுறையாவது அதைக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். முருங்கைக்கு மட்டும் தொட்டி ஒத்துவராது. தரையில் ஒரு போத்தை ஊன்றினால் போதும். எந்த முனையை மண்ணில் புதைப்பது என்று லயத்தில் வளர்ந்த பாட்டிமார்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.