கட்டிய கட்டு குலையாமல்

பள்ளி ஆண்டு விழாப் படங்கள் நூறு, தேர்வு மதிப்பெண் பட்டியல்கள் பத்து. இவற்றைத் தனித்தனியே அனுப்பாமல், ஒரே கட்டாகச் சுருக்கிக் கணினி வழியே அனுப்புகிறோம். இக்கட்டிற்கு ‘ஜிப்’ கோப்பு என்று பெயர். 1989-ஆம் ஆண்டில் இம்முறையை வெளியிட்டவர் அமெரிக்கரான பிலிப் காட்ஸ். இக்கோப்பின் முதலிரு பைட்டுகள் பெரும்பாலும் 80, 75 என்றே இருக்கும். அவை ஆங்கிலத்தில் ‘பி’, ‘கே’ எழுத்துகளுக்குரிய எண்கள். தம் பெயரின் எழுத்துகளை வாசலிலேயே கோலமாகப் போட்டுவிட்டார் மனிதர்!

அனுப்பிய கட்டினை மறுமுனையிலுள்ள சர்வர் எவ்வாறு பத்திரப்படுத்துகிறது? வந்ததை எழுதிவிட்டால் தீர்ந்தது என்றுதான் நினைப்போம். இடறல் இங்கேதான் இருக்கிறது.

கோப்பில் எழுதுவதற்கு உரை முறை, பைனரி முறை என இரண்டு உண்டு. விண்டோஸ் கணினியில் உரை முறையில் எழுதினால், 10 என்ற பைட் வருமிடமெல்லாம் வரி முடிந்ததாகக் கருதி, அதற்கு முன்னே 13 என்ற பைட் தானாகச் சேர்க்கப்படும். கடிதத்திற்கு அது உதவி. சுருக்கிய கோப்பிலோ 10 என்பது வரிமுடிவன்று, வெறும் எண். அதில் 0 முதல் 255 வரையுள்ள 256 எண்களும் ஏறக்குறையச் சமமாகவே வரும். ஆகவே 10,48,576 பைட் கொண்ட கோப்பில் சுமார் 4,096 வேண்டாத பைட்டுகள் புகுந்துவிடும். பிறகு மாணவியரின் மதிப்பெண்களை எப்படிப் பிரித்தெடுப்பது? பைனரி முறையில், வந்தது வந்தபடியே எழுத வேண்டும்.

இன்னொன்று. நம் பாடநூல்களில் பொருளடக்கம் முன்பக்கத்தில் இருக்கும். ஜிப் கோப்பிலோ கடைசியில். பாதியில் மின்சாரம் போனால் பொருளடக்கமே வந்து சேராது. பழைய பிரதியின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டிருந்தோமானால் இரண்டும் போயிற்று! ஆதலால் முதலில் தற்காலிகப் பெயரில் சிறிது சிறிதாக எழுதுவர். முழு அளவும் வந்ததா என்று பார்ப்பர். உள்ளேயுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் குறித்திருக்கும் 32 பிட் சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிடுவர். அதன் பின்னரே உரிய பெயருக்கு மாற்றுவர். அதுவரை பழைய பிரதிக்கு ஒரு சேதமும் இல்லை.

அனுப்புவோர் சூட்டிய பெயரையும் அப்படியே ஏற்கலாகாது. இரு புள்ளியும் சாய்கோடும் கொண்ட பெயர், மேலுள்ள அடைவுக்கு ஏறிச் சென்று வேறொரு கோப்பை அழித்துவிடக்கூடும். சர்வரே ஒரு பெயர் சூட்டிக்கொள்வது நலம். கட்டைப் பிரிக்குமுன், பிரித்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்றும் பார்க்க வேண்டும். ‘42 ஜிப்’ என்றொரு குறும்புக் கோப்பு உண்டு. அதன் அளவு 42 கிலோபைட்தான். அடுக்கடுக்காக முழுவதும் பிரித்தாலோ நாலரை பெட்டாபைட்!